குழந்தைக் காப்பிடங்களில் மருந்து வழங்கும் முறை

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் ஆரம்பிக்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணித் திட்டம் இன்று நாடெங்கும் 13 லட்சத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்களாகப் பரவி நிற்கிறது. இம்மையங்களின் பணி உணவூட்டலும் பள்ளி முன்பருவக் கல்வியுமே என்று பலர் எண்ணுவர். ஆயினும் மையத்தின் அலமாரியைத் திறந்து பார்த்தால், பருப்பு டப்பாவுக்கும் விளையாட்டுப் பொருள்களுக்கும் அருகே மருந்துப் புட்டிகள் சிலவும் மாத்திரை அட்டைகள் சிலவும் இருக்கக் காணலாம். வேலைக்குச் செல்லும் தாய்மாருக்காக நடத்தப்பெறும் பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களிலும் நிலைமை இதுவே. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி அளிக்கவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம் விதித்தபின், நாள் முழுவதும் பிறர் பொறுப்பில் இருக்கும் குழந்தைகளின் தொகை பெருகியுள்ளது.

இவ்விடங்களில் காணப்படும் மருந்துகள் மூவகைப்படும். அரசாங்கத் திட்டங்களின்படி எல்லாக் குழந்தைகளுக்கும் வழங்கப்படுபவை ஒரு வகை. நோயுற்ற ஒரு குழந்தைக்கென்று பெற்றோர் கொண்டுவந்து கொடுப்பவை மற்றொரு வகை. குழந்தைக்கு உரியனவே அல்லாமல், தற்செயலாக அதன் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பவை மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகையைப் பற்றி எவரும் அதிகமாகச் சிந்திப்பதில்லை. ஆனால் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் அதுவே.

எடையும் அளவும்

குழந்தையைச் சிறிய உருவில் அமைந்த பெரியவர் என்று கருதுவது தவறு. மருந்தைச் சிதைக்கும் ஈரலும் அதை வெளியேற்றும் சிறுநீரகங்களும் சிசுப் பருவத்தில் முழு வளர்ச்சி அடைவதில்லை. உடலின் எடை குறைவாதலால், பெரியவருக்கு ஒரு பொருட்டாகாத சில மில்லி லிட்டர் மிகுதியும் குழந்தைக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். ஆகவேதான் குழந்தை மருத்துவத்தில் அளவு வயதைக் கொண்டல்லாமல் எடையைக் கொண்டே பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது. மாதந்தோறும் எடை பார்த்துப் பதிவு செய்யும் அங்கன்வாடிப் பணியாளரிடம் இக்கணக்குக்கு வேண்டிய முதல் விவரம் ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவரிடம் அனுப்பும்போது அந்த எடையையும் சீட்டில் குறித்தனுப்புவது பெரும் உதவியாகும்.

காய்ச்சலுக்கு வழங்கும் பாராசிட்டமால் மருந்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லி கிராம் வரை என்பது அதன் அளவு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 125 மில்லி கிராம் பொருத்தமாகும். ஆனால் கடைகளில் இம்மருந்து ஒரே வலிமையில் விற்கப்படுவதில்லை. 5 மில்லி லிட்டரில் 125 மில்லி கிராம் உள்ள திரவம் உண்டு. அதே 5 மில்லி லிட்டரில் 250 மில்லி கிராம் உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மில்லி லிட்டரிலேயே 100 மில்லி கிராம் அடங்கியிருக்கும். மேற்கூறிய குழந்தைக்கு முதலாவதில் 5 மில்லி லிட்டரும், இரண்டாவதில் இரண்டரை மில்லி லிட்டரும், சொட்டு மருந்தில் ஒன்றேகால் மில்லி லிட்டரும் போதும். “நேற்று ஐந்து மில்லி கொடுத்தோம், இன்றும் அதுவே” என்று சொட்டு மருந்தை 5 மில்லி லிட்டர் புகட்டினால் குழந்தையின் உடலில் செல்வது 500 மில்லி கிராம். அதாவது உரிய அளவைப் போல் நான்கு மடங்கு. இம்மிகுதி தொடருமானால் ஈரல் கெடும். எனவே “எத்தனை மில்லி?” என்று கேட்பதற்கு முன், “எந்த வலிமையுள்ள மருந்து?” என்று கேட்கும் பழக்கம் வேண்டும். இரு வேளைகளுக்கிடையே நான்கு முதல் ஆறு மணி நேரமாவது கழியவேண்டும்; வீட்டில் காலையில் எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பதை அறியாமல் மையத்தில் மறுவேளை கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு நடப்பதை ஒக்கும்.

வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரு வீட்டின் தேக்கரண்டி மூன்று மில்லி லிட்டர் கொள்ளும். மற்றொரு வீட்டினுடையது ஏழு கொள்ளும். மருந்துடன் வந்த அளவு மூடியையோ, ஊசியில்லாத பீச்சுகுழலையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். அளவு மூடியைச் சமதளத்தில் வைத்துக் கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தாலன்றி அளவு சரியாக அமையாது.

அஸ்ஸாமில் நிகழ்ந்தது

அளவுக் கருவி மாறினால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அஸ்ஸாம் மாநிலத்தில் குழந்தைகளுக்கு வைட்டமின் ‘ஏ’ வழங்கும் இயக்கம் நடைபெற்றது. பணியாளர்கள் அதுவரை கையாண்டு பழகியது 2 மில்லி லிட்டர் கொள்ளும் கரண்டி. அம்முறை அதற்குப் பதிலாக 5 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு கிண்ணங்கள் வழங்கப்பட்டிருந்தன. இயக்கத்தைத் தொடர்ந்து ஏராளமான குழந்தைகள் வாந்தி முதலிய கோளாறுகளுக்கு உள்ளாயினர். சில மரணங்களும் நிகழ்ந்தன. அம்மரணங்களுக்கு வைட்டமின்தான் காரணமா என்பதில் பின்னர் கடுமையான கருத்து வேற்றுமை எழுந்தது. அவ்விவாதம் எவ்வாறாயினும், களப்பணியாளர் அறிய வேண்டிய செய்தி தெளிவானது: கிண்ணம் பெரிதாயின் கை தானாகவே அதிகம் வார்க்கும்.

வைட்டமின் ‘ஏ’ திரவத்தில் 1 மில்லி லிட்டருக்கு ஒரு லட்சம் அலகுகள் உள்ளன. ஒன்பதாம் மாதத்தில் 1 மில்லி லிட்டரும், அதன்பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை 2 மில்லி லிட்டரும், ஐந்து வயது வரை மொத்தம் ஒன்பது வேளைகளும் வழங்கப்படுகின்றன. தேவைக்கு மிஞ்சிய வைட்டமின் ‘சி’ சிறுநீருடன் வெளியேறிவிடும். கொழுப்பில் கரையும் வைட்டமின் ‘ஏ’யோ ஈரலில் சேர்ந்து தங்கிவிடும். மிகுதியானால் வாந்தி, தலைவலி, மந்தநிலை, கைக்குழந்தைகளில் உச்சிக்குழி புடைத்தல் ஆகியவை தோன்றும். ஒரே குழந்தை மையத்தில் ஒருமுறையும் தடுப்பூசி முகாமில் மறுமுறையும் பெற்றுவிடாமல் தடுப்பது தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் உள்ள பதிவு ஒன்றேயாகும். அட்டையைப் பாராமல் கொடுப்பதும், கொடுத்தபின் அட்டையில் எழுதாமல் விடுவதும் ஒரே வகைக் குற்றம். திறந்த புட்டியை எட்டு வாரங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டுமாதலால், திறந்த தேதியைப் புட்டியின் மேலேயே எழுதி வைத்தல் நலம்.

மாத்திரையும் மூச்சுக்குழலும்

2015-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரையின் அளவு 400 மில்லி கிராம். ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரையும், அதற்கு மேற்பட்டோருக்கு ஒரு முழு மாத்திரையும் உரியவை. இம்மருந்து குழந்தைகளுக்குப் பொதுவாக அபாயமற்றது. புழுக்கள் மிகுதியாக உள்ள குழந்தைக்குச் சிறிது வயிற்றுவலியோ குமட்டலோ உண்டாகலாம். நிழலில் படுக்கவைத்துத் தூய நீர் பருகக் கொடுத்தால் தணிந்துவிடும்.

இங்கே அபாயம் மருந்தில் அன்று, மாத்திரையின் உருவத்திலேயே இருக்கிறது. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு மென்று விழுங்கும் ஆற்றல் போதாது. முழு மாத்திரை மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகையால் அவ்வயதினருக்கு மாத்திரையை இரு கரண்டிகளுக்கிடையே வைத்து நன்கு பொடித்து, நீரில் கலந்தே புகட்டவேண்டும். மூத்த குழந்தைகளும் அதை மென்றே விழுங்கவேண்டும். அழுது திமிறும் குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் மருந்தை ஊற்றும் வழக்கம் சில இடங்களில் இன்னும் மறையவில்லை. அழும்போது குழந்தை உள்மூச்சை வேகமாக இழுக்கிறது. வாயிலுள்ளது வயிற்றுக்குப் போவதற்கு மாறாக நுரையீரலுக்குப் போகும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விடுவதே முறை. அன்று அழுகை நிற்கவில்லையானால் விட்டுவிட்டு, விடுபட்டோருக்கென்று ஏற்பட்டுள்ள மறுநாளில் கொடுக்கலாம். இலக்கு எண்ணிக்கையை அன்றைக்கே எட்டிவிட வேண்டும் என்னும் ஆவலில் ஒரு குழந்தையைக் கட்டாயப்படுத்துவது எவ்விதத்திலும் தகாது. காய்ச்சலாலோ வேறு நோயாலோ வருந்தும் குழந்தைக்கும் அன்று மாத்திரை கொடுப்பதற்கில்லை.

சிவப்பு மாத்திரை

இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது நிரம்பும் வரை வாரம் இருமுறை 1 மில்லி லிட்டர் இரும்புச் சத்துத் திரவம் வழங்கப்படுகிறது. அதில் இரும்பு 20 மில்லி கிராம், ஃபோலிக் அமிலம் 100 மைக்ரோ கிராம். புட்டியிலேயே அளவு விடும் குழாய் பொருத்தப்பட்டிருப்பதால் தவறு நேர இடம் குறைவு. கடுங்காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை உள்ளபோது இதை நிறுத்திவைக்க வேண்டும். தலசீமியா நோயுள்ள குழந்தைக்கும், அடிக்கடி இரத்தம் ஏற்றப்படும் குழந்தைக்கும் கொடுக்கலாகாது. மலம் கறுப்பது இயல்பே என்று தாய்மாருக்கு முன்கூட்டிச் சொல்லி வைத்தால் வீண் அச்சம் எழாது.

கர்ப்பிணிகளுக்கு வழங்கும் சிவப்பு மாத்திரையோ முற்றிலும் வேறு விஷயம். ஒவ்வொன்றிலும் 60 மில்லி கிராம் இரும்பு உண்டு. மேலே இனிப்புப் பூச்சு. பார்வைக்குக் கடையில் விற்கும் மிட்டாய் போன்ற பளபளப்பு. பேறுகாலத்தில் 180 நாள்கள் தினம் ஒன்றாக உட்கொள்ளும்படி தரப்படுவதால், வீட்டிலும் மையத்திலும் அவை கட்டுக்கட்டாக இருக்கும். குழந்தையின் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லி கிராமுக்கு மேல் இரும்பு உட்சென்றால் நச்சுக்குறிகள் தோன்றலாம். 60 மில்லி கிராமுக்கு மேற்பட்டால் உயிருக்கே அபாயம். 10 கிலோ குழந்தைக்கு நான்கு மாத்திரைகள் முதல் எல்லையைக் கடக்கப் போதும்; பத்து மாத்திரைகள் இரண்டாவதற்கு வந்துவிடும். ஒரு மாத்திரை அட்டையை விளையாட்டாகப் பிய்த்துத் தின்ன ஒரு குழந்தைக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்!

இந்நச்சின் போக்கு பெரியவர்களை ஏமாற்றவல்லது. முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். இரத்தமும் கலந்து வரலாம். பிறகு குழந்தை தெளிந்துவிட்டதுபோல் தோன்றும். “சரியாகிவிட்டது” என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் அவ்வேளையில் இரும்பு ஈரலையும் இதயத்தையும் தாக்கிக்கொண்டிருக்கும். அடுத்து அதிர்ச்சி நிலையும் ஈரல் செயலிழப்பும் வந்து சேரும். இதற்குரிய மாற்று மருந்து மருத்துவமனையில் உண்டு. ஆனால் அது காலத்தோடு செல்லவேண்டும். ஆகையால் குழந்தை எத்தனை தின்றது என்பது தெரியாவிடினும், தின்றிருக்கலாம் என்ற ஐயம் ஒன்றே அதை உடனே எடுத்துச் செல்லப் போதுமான காரணம்.

தாய்மாருக்கு இம்மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே, எங்கே வைப்பது என்பதையும் பேசிவிட வேண்டும். தலையணைக்கு அடியும், முந்தானை முடிச்சும், சுவரின் தாழ்ந்த மாடமும் பொருத்தமான இடங்கள் அல்ல. மையத்திலும் குழந்தை மருந்துகள் ஒரு தட்டிலும் தாய்மார் மருந்துகள் வேறொரு தட்டிலும், இரண்டும் பூட்டுக்குள்ளும் இருக்கவேண்டும். பூட்டின் சாவியை ஆணியில் மாட்டுவது பூட்டாததற்குச் சமம்.

புட்டி மாறுதல்

2021-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் போலியோ சொட்டு மருந்து வழங்கப்பட்டபோது, ஐந்து வயதுக்குட்பட்ட 12 குழந்தைகளுக்குக் கை சுத்திகரிக்கும் சானிடைசர் திரவம் தவறுதலாகப் புகட்டப்பட்டது. குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு நலம் பெற்றனர். சானிடைசரில் இருப்பது பெரும்பாலும் சாராயம். சிசுவின் இரத்தத்தில் சர்க்கரையின் அளவை அது வெகுவாகக் குறைத்துவிடும். பெருந்தொற்றுக் காலமாதலால் அன்று சானிடைசர் இல்லாத முகாம் மேசை இராது. மருந்து இருக்கும் மேசையில் வேறெந்தத் திரவமும் இருக்கலாகாது என்ற ஒரு விதி மட்டும் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால் போதும்.

இவ்விதியை விரிவாகவும் பொருள் கொள்ளவேண்டும். சிரங்குக்குத் தடவும் பூச்சு மருந்தும் உட்கொள்ளும் திரவமும் அடுத்தடுத்து நிற்கலாகாது. சமையலறை மண்ணெண்ணெயையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டொழிக்க வேண்டும். சூடத்தையும் மறந்துவிடலாகாது, வழிபாட்டுப் பொருளாதலால் எவரும் அதை நஞ்சென்று கருதுவதில்லை, எனினும் சிறிதளவு தின்ற குழந்தைக்கும் வலிப்பு வரக்கூடும். அடையாளச் சீட்டு கிழிந்த புட்டி எத்தனை விலையுயர்ந்த மருந்தாயினும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

வீட்டிலிருந்து வரும் மருந்து

நாள் முழுவதும் குழந்தை தங்கும் காப்பகங்களில் இது அன்றாடப் பிரச்சினை. முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இம்மருந்தை இங்கேதான் கொடுக்கவேண்டுமா என்பது. நாளைக்கு இருவேளை உட்கொள்ளும் மருந்தாயின் காலையிலும் இரவிலும் வீட்டிலேயே கொடுத்துவிடலாம். மூன்று வேளை மருந்தாயினும், இருவேளையாக மாற்ற இயலுமா என்று மருத்துவரைக் கேட்கும்படி தாய்க்குச் சொல்லலாம். பல சமயங்களில் இயலும். காப்பகத்தில் கொடுக்கப்படும் வேளைகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது.

கொடுத்தே ஆகவேண்டுமெனில், கடையில் வாங்கிய புட்டியோடு, குழந்தையின் பெயர் உள்ள மருத்துவர் சீட்டோடு, பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதலோடு வரவேண்டும். காகிதத்தில் மடித்த பொடியும், வேறு புட்டியில் பாதி ஊற்றிய திரவமும், அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த மருந்தில் மீந்ததும் திருப்பி அனுப்பப்பட வேண்டியவை. எழுத்தறியாத தாயாக இருந்தால் அவளை அவமதிக்காமல், சீட்டைப் பணியாளரே படித்துக் காட்டி, அவள் சொல்லும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். பதிவேட்டில் குழந்தையின் பெயர், தந்தை பெயர், மருந்து, அதன் வலிமை, அளவு, கொடுத்த நேரம், கொடுத்தவர் கையொப்பம் ஆகியவை வேண்டும். ஒரே மையத்தில் இரண்டு லட்சுமிகளும் மூன்று ராஜுக்களும் இருப்பது அரிதன்றாதலால் தந்தை பெயர் இன்றியமையாதது. இரண்டு பணியாளர் இருக்குமிடத்தில், ஒருவர் அளந்தபின் மற்றவர் சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் மிக நன்று. கொடுப்பதற்கு முன்பே பதிவேட்டை நிரப்பி வைக்கும் பழக்கம் மட்டும் கூடாது. குழந்தை துப்பிவிட்டாலும் ஏட்டில் அது விழுங்கியதாகவே நிற்கும்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சில பொடியாக விற்கப்படுகின்றன. காய்ச்சி ஆறிய நீரைப் புட்டியின் கோடு வரை ஊற்றிக் குலுக்கியபின், அவற்றில் பலவற்றின் ஆயுள் ஏழு நாள்களே. ஒவ்வொரு வேளையும் குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் வெறும் நீரும் கடைசி நாள் மருந்து முழுவதும் குழந்தைக்குக் கிடைக்கும். இவ்வகை மருந்தை மருத்துவர் சீட்டின்றிக் கொடுக்கும் உரிமை மையப் பணியாளருக்கு இல்லை.

இருமல் மருந்து பற்றித் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் திரவம் ஒன்றை உட்கொண்ட குழந்தைகள் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தனர்; இறந்தோர் தொகை இருபதைக் கடந்தது. தமிழ்நாட்டில் தயாரான அத்திரவத்தைச் சோதித்ததில், தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் டைஎத்திலின் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 சதவிகிதம் கலந்திருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் வெளியிட்ட அறிவுரையில், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித்தரலாகாதென்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு அவை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் கூறப்பட்டது. குழந்தைகளின் இருமலில் பெரும்பகுதி தானே தணிவது. புட்டியிலுள்ள கலப்படத்தைக் கண்ணால் காண ஒரு பணியாளராலும் இயலாது. ஆனால் ஏதேனும் திரவ மருந்து உட்கொண்டுவரும் குழந்தை வாந்தியெடுத்துச் சோர்ந்து, சிறுநீர் கழிப்பது குறைந்துவிட்டதைக் காண இயலும். ஈரமாகாத துணியைக் கவனித்துச் சொல்லும் ஆயாவின் சொல்லுக்கு மருத்துவர் மதிப்பளிக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்டோருக்கு நிமெசுலைடு என்னும் காய்ச்சல் மருந்து 2011-ஆம் ஆண்டே தடை செய்யப்பட்டுவிட்டது என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

வயிற்றுப்போக்குக்கான உப்பு-சர்க்கரைப் பொட்டலம் மிக எளிய மருந்தெனினும் அதிலும் அளவு உண்டு. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் தூய நீரிலேயே கரைக்கவேண்டும். ஒரு டம்ளர் நீரில் முழுவதையும் கரைத்தால் இரத்தத்தில் உப்பு மிகுந்து மூளை பாதிக்கப்படும். கரைத்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது.

தவறு நேர்ந்தபோது

மருந்து மாறிவிட்டாலோ மிகுந்துவிட்டாலோ குழந்தையை வாந்தியெடுக்கச் செய்வது பலருடைய முதல் எண்ணம். உப்புநீர் புகட்டுவதும் தொண்டையில் விரலை விடுவதும் உதவாதவை. மண்ணெண்ணெயும் அமிலமும் உட்சென்றிருந்தால் அவை கொலைக்கு ஒப்பானவை, ஏனெனில் வெளிவரும்போது மண்ணெண்ணெய் நுரையீரலில் புகும், அமிலம் உணவுக்குழலை மீண்டும் எரிக்கும். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். 108 வாகனத்தை அழைத்து, புட்டியையும் மீந்த மாத்திரைகளையும் குழந்தையின் எடை குறித்த அட்டையையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். மருத்துவர்கள் ஆலோசனை பெறுவதற்குப் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தேசிய நச்சுத் தகவல் மையம் இயங்கி வருகிறது.

தவறு செய்த பணியாளர் அதை மறைக்க முற்படுவது அச்சத்தினால். ஒரு மணி நேர மறைப்பு, மேலே கூறிய இரும்பு நச்சைப் போன்றவற்றில் உயிரின் விலையாகிவிடும். ஆகவே, மேற்பார்வையாளர் முதல் கேள்வியாக “யார் செய்தது?” என்று கேட்காமல், “எவ்வளவு, எத்தனை மணிக்கு?” என்று கேட்பாராயின் உண்மை விரைவில் வெளிவரும். விசாரணை பின்னர் நடக்கட்டும்.

காலாவதியான மருந்துகளை மாதம் ஒருமுறை தனியே எடுத்துப் பட்டியலிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். மையத்தின் பின்புறக் குழியில் எறியப்பட்ட மாத்திரைகளைப் பொறுக்கி எடுப்பவர்கள், மறுநாள் காலை அவ்விடத்தில் விளையாட வரும் அதே குழந்தைகள்தாம்.